சுவாசகாசம்: நோயை அறியும் முறையும் அடக்கி வைக்கும் முறையும்

செங்கல்பட்டு ஜில்லாவில், திருக்கழுக்குன்றத்திற்கும் கல்பாக்கத்திற்கும் இடையே அணுசக்தித் துறையின் குடியிருப்பாகிய அணுபுரம் அமைந்திருக்கிறது. அதைச் சூழ்ந்து நெல்லும் வேர்க்கடலையும் பயிராகும் கிராமங்களும், கிழக்கே சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரையில் மீனவர் குப்பங்களும் உள்ளன. ஐப்பசியில் மழை தொடங்கியது முதல் மார்கழிப் பனி நீங்கும் வரையில் இப்பிரதேசத்தில் பின்னிரவில் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறவர்களைக் காணலாம். பொழுது விடிந்து வெயில் ஏறியதும் அவர்களிற் பலர் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். இரவில் பட்ட பாடு பகலில் மறந்துபோகிறது. இம்மறதியே இந்நோயின் பெரிய அபாயம்.

இழுப்பு, இரைப்பு, மூச்சுத் திணறல், வீசிங் என்று பலவாறாக வழங்கும் இவ்வியாதிக்குச் சுவாசகாசம் என்றும் ஆஸ்துமா என்றும் பெயர். இந்தியாவில் 12 இடங்களில் நடத்தப்பட்டு 2012-ஆம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவருக்கு இந்நோய் இருக்கிறது. ஐந்நூறு அங்கத்தினர்களைக் கொண்ட ஒரு கூட்டுறவு சங்கத்தில் பத்துப் பேருக்கு இருக்கலாம் என்பது இதனால் விளங்கும். அவர்களுடைய வீட்டுக் குழந்தைகள் இக்கணக்கில் சேரவில்லை.

நோயின் தன்மை

மூக்கிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் காற்று, மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து சிறுத்துச் செல்லும் குழல்களின் வழியே போகிறது. சுவாசகாசம் உள்ளவர்களுக்கு இக்குழல்களின் உட்புறத் தோல் எப்பொழுதும் சிறிது அழற்சியுற்றுத் தடித்திருக்கும். புகை, தூசி, சளிக்காய்ச்சல், குளிர்காற்று முதலியன அதைத் தீண்டும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்தோல் மேலும் வீங்குகிறது. கெட்டியான சளி ஊறி வழியை அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வருவதற்கு இடமின்றி நெஞ்சில் தங்கிவிடுகிறது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போன்ற சப்தம் இக்குறுகிய குழல்களின் வழியே காற்று வெளியேறும்போது எழுவதாகும்.

இம்மூன்றில் தசை இறுக்கம் மாத்திரமே சில நிமிஷங்களில் மருந்தால் தளரக்கூடியது. அழற்சி தணிவதற்கு நாட்களும் வாரங்களும் வேண்டும். ஆகையால் மருந்துகளும் இரு வகையாயின: இறுகிய தசையைத் தளர்த்தி உடனே சுகம் தருபவை ஒரு வகை, அழற்சியைத் தணித்து இழுப்பே வராமற் காப்பவை மற்றொரு வகை. கிராமங்களில் இந்நோயால் விளையும் துன்பத்தில் பெரும்பகுதி, முதல் வகையை மட்டும் வாங்கி இரண்டாம் வகையை விட்டுவிடுவதால் விளைகிறது.

1904-ஆம் வருஷத்தில் அக்காலச் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் கிராம நாணய சங்கம் தோன்றிய நாள் முதல், வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு முதலைத் தொடாமல் வைத்திருப்பவன் கடனிலிருந்து மீளான் என்பதைச் சங்கத்தார் நன்கறிவர். இழுப்பு வந்தபோது மாத்திரம் மருந்து தேடுகிறவனுடைய நிலையும் அத்தகையதே. அன்றைய இரவு கழிகிறது. அழற்சியாகிய முதல் அப்படியே இருக்கிறது.

எவ்வாறு அறிவது

இருமுகிறவரெல்லாம் ஆஸ்துமாக்காரர் அல்லர். ஆஸ்துமாவின் முக்கிய லக்ஷணம் அதன் ஏற்ற இறக்கம். இன்று மூச்சு முட்டும். நாளை ஒன்றும் இராது. இரவிலும் விடியற்காலையிலும் அதிகமாகும். சிரித்தாலும், ஓடினாலும், அடுப்புப் புகை பட்டாலும், சளி பிடித்தாலும் கிளம்பும். சிலருக்கு இழுப்புச் சப்தமே இன்றி வறட்டிருமல் மட்டும் இருப்பதுண்டு. தாய் தந்தையர்க்கு இந்நோயோ, தோலில் கரப்பானோ, காலையில் எழுந்ததும் அடுக்கடுக்கான தும்மலோ இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சந்தேகத்தை நிச்சயப்படுத்த ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரீக்ஷை உண்டு. நோயாளி ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதுவார். பிறகு குழலைத் தளர்த்தும் மருந்தை உட்கொள்ளச் செய்து, 10 அல்லது 15 நிமிஷங்கள் கழித்து மறுபடியும் ஊதச் செய்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று, பெரியவர்களுக்கு முன்னைவிட நூற்றுக்கு 12 பங்கும் 200 மில்லிலிட்டரும் கூடியிருந்தால் ஆஸ்துமா என்பதற்கு அது நல்ல சாட்சி. நோய் அடங்கியிருக்கும் நாளில் ஊதினால் கணக்குச் சரியாகவே வரக்கூடும். அதைக்கொண்டு நோயில்லை என்று முடிவு செய்வது தவறு.

இவ்வியந்திரம் இல்லாத இடத்தில் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவி போதும். ரைட் என்ற ஆங்கிலேயர் 1959-இல் வெளியிட்ட கருவியின் எளிய வடிவம் இது. காலையும் மாலையும் ஊதி, முள் காட்டும் எண்ணை இரண்டு வாரம் குறித்து வரவேண்டும். ஒருவர் காலையில் 300-ம் மாலையில் 380-ம் ஊதினால், இரண்டின் வித்தியாசமாகிய 80, சராசரியாகிய 340-இல் நூற்றுக்கு 23 பங்குக்கு மேலாகும். இந்த வித்தியாசம் நாள்தோறும் சராசரியாகப் பெரியவர்களுக்கு 10 பங்குக்கும் குழந்தைகளுக்கு 13 பங்குக்கும் மேற்பட்டிருப்பின் அது ஆஸ்துமாவின் பக்கம் சாயும். ஒரு சங்கம் இக்கருவி ஒன்றை வாங்கி வைத்து, ஆளுக்கொரு அட்டை வாய்க்குழாயுடன் அங்கத்தினர்களுக்கு இரவல் கொடுத்தால் செலவு மிகவும் சொற்பம்.

பெரியவர்கள் விஷயத்தில் வேறு நோய்களை விலக்கிப் பார்ப்பது அவசியம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெயரில் காசம் இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணுகிறவர்கள் இன்றும் உண்டு. சுவாசகாசம் தொத்துவதில்லை, காசநோய் தொத்தும். நெடுங்காலம் பீடி குடித்த ஆண்களுக்கும், விறகடுப்பில் வெந்த ஸ்திரீகளுக்கும் நாற்பது வயதுக்குமேல் வரும் மூச்சிறைப்பு பெரும்பாலும் நாட்பட்ட குழலடைப்பு நோயாகும். அதில் ஏற்ற இறக்கம் குறைவு. கால் வீங்கிப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர்களுக்கு இருதயத்தைப் பார்க்கவேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பிகளைப்பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. கருங்கல்லைச் செதுக்கும்போதும் இயந்திரத்தால் அறுக்கும்போதும் பறக்கும் தூளில் சிலிகா என்னும் பொருள் உண்டு. அது நுரையீரலில் படிந்து தழும்பை உண்டாக்கினால் எந்த இன்ஹேலராலும் அதைக் கரைக்க முடியாது. காசநோய்க்கும் அது வழி செய்யும். சிற்ப வேலை செய்கிறவருக்கு மூச்சிறைத்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் ஆஸ்துமா என்று சொல்லி அனுப்புவது முறையன்று. கல்லை ஈரமாக்கி அறுப்பதும் தகுந்த முகக்கவசம் அணிவதும் அவர்களுக்கு மருந்தினும் மேலானவை.

இவ்வகைப் பரீக்ஷைகளுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்கென்று ஏற்படுத்தி 1937-இல் அரசாங்கத்தின் வசமான தாம்பரம் சானடோரியமும் இந்த ஜில்லாவிலேயே இருக்கின்றன. பின்னது இப்பொழுது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை எனப்படுகிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊதும் பரீக்ஷை செய்வது கடினம். அவர்களிற் பலருக்குச் சளி பிடிக்கும்போது மட்டும் இழுப்பு வந்து, வளர வளர நின்றுவிடுகிறது. சளியில்லாத நாட்களிலும் இரவில் இருமி எழுவதும், விளையாடும்போது மூச்சு வாங்குவதும், கரப்பான் இருப்பதும் ஆஸ்துமாவைக் குறிக்கும். டாக்டர் இரண்டு மூன்று மாதம் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்து, குணத்தைக் கொண்டு நோயை நிச்சயிப்பதும் ஒரு முறை. ஆனால் நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று இருமலும், ஒரு பக்கத்து நெஞ்சில் மட்டும் இழுப்பும் கண்டால், வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலில் சிக்கியிருக்கக்கூடும். அக்குழந்தையை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

மருந்துகளைப்பற்றிய பயங்கள்

இன்ஹேலர் என்பது கடைசிக் கட்ட வைத்தியம், ஒருமுறை பழகினால் விடாது, குழந்தைக்குக் கொடுத்தால் கல்யாணம் நடக்காது என்னும் பேச்சுக்கள் கிராமங்களில் உலவுகின்றன. படித்தவர்கள் வீடுகளிலும் இப்பேச்சுக்கள் இல்லாமலில்லை. இதில் அளவைக் கவனிப்பதே தெளிவு தரும். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உண்டு. அதே மருந்து இன்ஹேலரின் ஓர் அழுத்தலில் வருவது 100 மைக்ரோகிராம். அஃதாவது மாத்திரையில் இருபதில் அல்லது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து இரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் சுற்றி நெஞ்சை அடைகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால் வருகின்றன. இன்ஹேலர் மருந்து வேண்டிய இடத்திற்கு நேரே செல்கிறது. ஸ்டீராய்டு விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. அழற்சியைத் தணிக்கும் புடசோனைடு ஓர் இழுப்பில் 200 மைக்ரோகிராம் உள்ளே போனால், கடுமையான இழுப்புக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் மாத்திரை ஒருநாளைக்கு 40 மில்லிகிராம்.

இன்ஹேலருக்கு அஞ்சுகிறவர்கள் சிலர், கடையில் சீட்டில்லாமல் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற மாத்திரைகளைப் பொட்டலமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வருந்தத்தக்கது. அவற்றால் சுகம் கிடைப்பது உண்மை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, எலும்புத் தேய்வு, கண் புரை ஆகியவை பின்னே வருவதும் உண்மை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கும் ஆபத்து. ஆகையால் நெடுநாள் தின்றவர்கள் டாக்டரைக் கேட்டுச் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும்.

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டினால் ஒரு தீங்குமில்லை என்று சொல்வதும் சரியன்று. வாயில் வெண்படலம் பூக்கலாம், குரல் கம்மலாம்; ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் இவை பெரும்பாலும் வாரா. சிறுவயதில் வருஷக்கணக்கில் புடசோனைடு உபயோகித்த அமெரிக்கக் குழந்தைகள் பெரியவர்களானபோது, மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள் என்று 2012-இல் தெரியவந்தது. இரவெல்லாம் தூக்கமின்றிப் பள்ளிக்கூடமும் போகாமல் வளரும் குழந்தையின் நஷ்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துப் பெற்றோர் முடிவு செய்துகொள்ளலாம்.

உடனடிச் சுகத்தை மட்டும் நம்புவதற்குச் சென்னை ராஜதானியிலேயே ஒரு பழைய சரித்திரம் உண்டு. ஊமத்தையின் புகையைப் பிடித்தால் இழுப்பு தணியும் என்பதை இங்குள்ளவர்களிடமிருந்து அறிந்த ஜெனரல் ஜெண்ட் என்பவர் 1802-இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அதன்பின் ஊமத்தைச் சுருட்டுக்கள் ஐரோப்பாவெங்கும் நூறு வருஷத்திற்கு மேல் விற்பனையாயின. ஊமத்தையிலுள்ள சத்து தசையைத் தளர்த்துவது மெய்யே. அவ்வினத்து மருந்தாகிய இப்ராடிரோபியம் இன்றும் ஆஸ்பத்திரிகளில் வழங்குகிறது. ஆனால் ஊமத்தை விஷம். அதன் புகையும் புகையே. அழற்சியை அது தொடுவதுமில்லை. பிற்காலத்தில் நியூஸீலந்தில் பலமான தளர்த்தும் மருந்துகளை அதிகமாக நம்பியிருந்த காலங்களில் ஆஸ்துமா மரணங்கள் இருமுறை பெருகின. இதற்கு மாறாக, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக் கணக்குகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டவர்கள், முந்திய வருஷத்தில் உபயோகித்த ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒவ்வொன்று கூடும்போதும் மரணம் நூற்றுக்கு 21 பங்கு குறைந்ததைக் கண்டார்கள்.

2019-ஆம் வருஷத்தில், ஜீனா என்னும் சர்வதேச நிபுணர் குழு, 12 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் சால்பூட்டமாலை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்யலாகாது என்று தீர்மானித்தது. நோய் லேசானாலும் ஸ்டீராய்டும் கூடவே சேரவேண்டும். புடசோனைடும் ஃபார்மோடிராலும் கலந்த ஒரே இன்ஹேலரை, வேண்டியபோது சுகத்துக்கும் நாள்தோறும் தடுப்புக்குமாக வைத்துக்கொள்வது இப்பொழுது சிலாக்கியமான முறை. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளுக்கு மருந்தையும் அளவையும் டாக்டர் குறிப்பார். கர்ப்பிணிகள் பயந்து இன்ஹேலரை நிறுத்திவிடக்கூடாது. தாய்க்கு மூச்சு முட்டினால் சிசுவுக்கும் பிராணவாயு குறையும்.

வருஷந்தோறும் ஜூன் மாதத்தில், மிருகசீரிஷ கார்த்தியன்று, ஹைதராபாதில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்வது பிரசித்தமானது. அதனால் ஆஸ்துமா தீருகிறது என்பதற்குப் பரிசோதனை ஆதாரம் இல்லை. போய்வர விரும்புகிறவர்கள் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாகாது.

உபயோகிக்கும் விதம்

1955-இல் அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவருக்கு 13 வயதில் ஆஸ்துமாக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். தலைமயிருக்குத் தெளிக்கும் வாசனைக் குப்பியைப் போல் தன் மருந்தையும் ஏன் செய்யக்கூடாது என்று அவள் கேட்டதிலிருந்து, மறுவருஷமே இன்ஹேலர் பிறந்தது என்பார்கள். கருவி எளிது, உபயோகிப்பதில்தான் பிழை மிகுதி. குப்பியைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாயில் கவ்விக்கொண்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, இழுத்த மூச்சைப் பத்து எண்ணும் வரையில் அடக்கவேண்டும். பொடி மருந்துக் கருவிக்கு முறை நேர்மாறு: வேகமாகவும் பலமாகவும் இழுக்கவேண்டும். பொடியடைத்த குளிகையை மாத்திரை என்றெண்ணித் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் உண்டு. கடற்கரை ஈரக்காற்றில் பொடி கட்டிக்கொள்ளும் ஆதலால் அப்புட்டியைத் திறந்து வைக்கலாகாது.

குழந்தைகளும் கிழவர்களும் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒருங்கே செய்யமாட்டார்கள். அவர்களுக்கு ஸ்பேஸர் என்னும் கூடு வேண்டும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு முகமூடியோடு கூடியது. அது கிடைக்காவிடில் 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியின் அடியில் இன்ஹேலர் வாயளவாகத் துளைத்து, இடைவெளியில்லாமல் பசையால் ஒட்டினால் போதும். கேப்டவுன் நகரத்து டாக்டர்கள் 1999-இல் இதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, விலை கொடுத்து வாங்கும் ஸ்பேஸருக்கு ஏறக்குறைய இணையென்று கண்டார்கள். குழந்தைகள் ஒவ்வோர் அழுத்தலுக்கும் புட்டியின் வாய்வழியே ஐந்தாறு மூச்சு சாதாரணமாக இழுத்தால் மருந்து உட்சென்றுவிடும்.

வீட்டுப் பழக்கங்களில் முதலாவது புகை. விறகடுப்பு, பீடி, கொசுவர்த்திச் சுருள், போகியன்று கொளுத்தும் பழம்பாய், அறுவடைக்குப்பின் எரிக்கும் தாள் யாவும் ஒரே கணக்குத்தான். நெல் அரைவை ஆலைத் தூசியும், சுற்றுப்புறமெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலின் பூந்தாதும் சிலருக்கு ஆகா. பாய் தலையணைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஈரப்பதமுள்ள கடற்கரைப் பிரதேசத்தில் நன்றாகப் பெருகும். உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து உலர்த்துவது நலம். வலி மாத்திரைகளில் ஆஸ்பிரின் வகை சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். ஆனால் தயிர், வாழைப்பழம், கொய்யா யாவும் குளிர்ச்சியென்று குழந்தைக்கு நிறுத்துவது வீண் பட்டினி. ஒரு பொருள் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தாலன்றி விலக்க வேண்டுவதில்லை. ஓடி விளையாடுவதையும் தடுக்கவேண்டாம். நோய் அடங்கியிருக்கும் குழந்தை மற்றவர்களைப்போல் ஓடும். ஓட முடியாவிடில் மருந்து போதவில்லை என்று பொருள்.

அபாய காலத்தில் நேரம் கடத்தலாகாது. ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடியாமை, குழந்தை பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமை, விலாவெலும்புகளின் நடுவே தசை உட்குழிதல், உதடு நீலமாதல், மயக்கம் ஆகியவை ஆபத்துக்குறிகள். இழுப்புச் சப்தம் திடீரென்று அடங்கிவிட்டு நோயாளி களைத்துச் சாய்ந்தால், குணமென்று மகிழவேண்டாம். காற்றே போகவில்லை என்பதற்கு அது அடையாளம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேஸர் வழியாகச் சால்பூட்டமாலைப் பெரியவர்களுக்கு 4 முதல் 10 தடவையும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2 முதல் 6 தடவையும், ஒவ்வொன்றாக அழுத்திக் கொடுக்கவேண்டும். வண்டி வரும் வரையில் 20 நிமிஷத்திற்கொரு முறை, ஒரு மணிநேரம் வரை, திரும்பக் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் கூட்டுறவு மருந்துக் கடைகள் முன்னமே உண்டு. 2025 பிப்ரவரி 24-இல் கூட்டுறவுத் துறையின் மூலம் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. அத்தகைய கடையை நடத்தும் சங்கம், தடுப்பு மருந்து இருப்பில் தீராமல் பார்த்துக்கொள்வதோடு, விற்பனைக் கணக்கிலிருந்தே ஒரு காரியம் செய்யக்கூடும். சால்பூட்டமால் குப்பி ஒன்றில் சாதாரணமாக 200 அழுத்தல்கள் இருக்கும். ஒருவர் வருஷத்தில் மூன்று குப்பிகளோ அதற்கு மேலோ வாங்கினால் கடுமையான இழுப்பு வரும் அபாயம் அதிகம்; மாதத்திற்கு ஒன்று வாங்கினால் மரண அபாயமே கூடுகிறது. கடைக் குமாஸ்தா பேரேட்டில் அப்பெயரைக் கண்டதும், நாலாவது குப்பியைக் கொடுக்கும்போதே அவரைச் சீட்டோடு டாக்டரிடம் அனுப்பிவைக்கலாம்.